கால் விரலை ஆட்டு பாப்பம்

முள்ளந்தண்டு பக்கவாட்டில் வளைந்திருந்தால் அதை அளக்க ஒரு முறை இருக்கிறது. எக்ஸ்ரேயில் வளைவின் மேல் முனையில் ஆகச் சாய்ந்திருக்கிற முள்ளென்புக்கு ஒரு கோடு, கீழ் முனையில் இருக்கிறதுக்கு ஒரு கோடு. இரண்டுக்கும் இடையில் வருகிற கோணம்தான் கொப் கோணம். ஜோன் கொப் என்ற அமெரிக்க வைத்தியர் 1948இல் விளக்கிய முறை, இண்டைக்கும் உலகம் முழுக்க அதுதான். 10 பாகையைத் தொட்டால் ஸ்கோலியோசிஸ் என்று பெயர் வைப்பார்கள். 50ஐத் தாண்டினால் ஒபரேசன் பற்றிக் கதைப்பார்கள். 16 வயதில் எனக்கு 108.

ஒரே இரவில் ஒருவரும் 108க்குப் போவதில்லை. உயரம் கூடுகிற வயதில்தான் வளைவும் வேகமாகக் கூடும். பத்து வயதில் என்ர ஒரு தோள் மற்றத் தோளைவிட மேலே நின்றது. புத்தகப் பையை ஒரு பக்கமாகப் போடுவதால்தான் என்று வீட்டில் முடிவெடுத்தார்கள். (பையின் பாரத்தால் ஸ்கோலியோசிஸ் வருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இன்ன காரணம் என்று ஒன்று கிடைப்பதே இல்லை.) முறிவு நெரிவு வைத்தியரிடம் போய் எண்ணெய் பூசினோம். "நிமிந்து நட பிள்ளை" என்று ஊரில் எல்லாரும் சொன்னார்கள். பெரியபிள்ளை ஆன பிறகு என்ர வெறும் முதுகை அம்மாவும் பார்த்ததில்லை. ஒரு அளவு பெரிசாகத் தைத்த வெள்ளைச் சட்டையும் முதுகில் விழுகிற ரெண்டு பின்னலும் எல்லாத்தையும் மறைத்துவிட்டன. "நோகுதோ?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்லத்தான் எங்கட வீடுகளில் பொம்பிளைப் பிள்ளைகளைப் பழக்குகிறார்கள். ரியூசன் கொட்டிலுக்குச் சைக்கிள் ஓடி முடிய மூச்சு வாங்கத் தொடங்கியபோதுதான் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள்.

கொழும்பில் உடனே ஒபரேசன் செய்யவில்லை. இவ்வளவு வளைந்த முதுகை மேசையில் ஒரே நாளில் நிமிர்த்தினால் எலும்போடு சேர்ந்து முண்ணாணும் இழுபடும். அதுக்குப் போகிற இரத்தம் குறைந்தால் கால் இரண்டும் இயங்காமல் போகலாம். அதனால் முதலில் சில கிழமைகளுக்கு இழுவை, அதுக்குப் பிறகுதான் கத்தி. தசைநார்களையும் முள்ளென்புகளுக்கு இடையில் இருக்கிற தட்டுக்களையும் சட்டென்று இழுத்தால் விட்டுக்கொடாது. சின்னப் பாரத்தை நாள் முழுக்கத் தொங்கவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். நெஞ்சுக்கூடு விரிந்து மூச்சும் ஓரளவு சுகப்படும். எல்லாருக்கும் இதைச் செய்ய முடியாது. கழுத்து உறுதியாக இருக்கிறதா, முண்ணாணில் வேறு ஏதும் சிக்கல் இருக்கிறதா என்று எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

வளைந்த முதுகை இழுத்து நிமிர்த்துகிற யோசனை மிகப் பழசு. நோயாளியை ஏணியில் கட்டி, ஏணியை உயரத் தூக்கி, தொப்பென்று கீழே விடுகிற முறையைப் பற்றி ஹிப்போகிரட்டிஸ் எழுதியிருக்கிறார். சனத்தைக் கூட்டி வாய் பிளக்க வைக்கிறதுக்காக இதைச் செய்கிற வைத்தியர்களை அவர் ஏசியும் இருக்கிறார். தலையில் வளையம் பூட்டுகிற இப்போதைய முறை 1950களில் கலிபோர்னியாவில் ரான்சோ லொஸ் அமிகோஸ் வைத்தியசாலையில் உருவானது. போலியோவால் கழுத்துத் தசை செத்துத் தலை நிற்காமல் போனவர்களுக்காக ஜக்குலின் பெரியும் வேர்னன் நிக்கலும் செய்தார்கள். பெரி முதலில் இயன்மருத்துவராக இருந்து, பிறகு எலும்புச் சத்திரசிகிச்சை படித்த பெண். அந்த வளையத்தில் பாரம் கட்டி, நோயாளியின் சொந்த உடம்புப் பாரத்தையே எதிர்ப்பாரமாக வைக்கிற முறையை பிரான்சின் லியோன் நகரத்து வைத்தியர் பியர் ஸ்தஞாரா வளர்த்தெடுத்தார்.

வளையத்தின் ஆங்கிலப் பெயர் ஹேலோ. சாமிப் படங்களில் தலைக்குப் பின்னால் இருக்கிற ஒளிவட்டத்துக்கும் அதுதான் பெயர். அந்த விளக்கம் அம்மாவுக்கு நல்லாப் பிடித்துப்போனது. எனக்கு அது எட்டு ஸ்குரூ உள்ள ஒரு உலோக வட்டம். மயக்க மருந்து தந்துதான் பூட்டினார்கள். ஸ்குரூக்கள் மண்டையோட்டின் வெளிப்பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், உள்ளே போகாது. முதல் இரண்டு நாளும் யாரோ தலையை விடாமல் இறுக்கிப் பிடித்திருப்பது மாதிரி இருந்தது. பிறகு பழகிவிட்டது. கிருமி பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு நாளும் ஸ்குரூவைச் சுற்றித் துடைப்பார்கள்.

சக்கர நாற்காலிக்குப் பின்னால் ஒரு உயரமான கம்பி, அதன் உச்சியில் கப்பி. கப்பிக்கு மேலால் போகிற கயிற்றின் ஒரு முனை வளையத்தில், மற்ற முனையில் பாரம். எங்கட வீட்டுக் கிணத்துக் கப்பிதான், வாளிக்குப் பதிலாக நான். இரவில் கட்டிலின் தலைமாட்டை உயர்த்திப் பாரத்தைக் குறைத்துவிடுவார்கள். அப்ப நான் 36 கிலோ. 2 கிலோவில் தொடங்கி நாளுக்கு அரைக் கிலோ கூட்டினார்கள். போய்ச்சேர வேண்டியது 14 கிலோ. பொதுவாக உடம்பின் பாரத்தில் மூன்றில் ஒரு பங்கில் இருந்து பாதி வரைக்கும் போவார்களாம்.

பாரம் கூட்டுகிற ஒவ்வொரு முறையும் ஒரு சோதனை நடக்கும். நாக்கை நீட்டு. கண்ணால் என்ர விரலைப் பின்தொடர். கையை இறுக்கிப் பிடி. கால் விரலை ஆட்டு. எங்கேயாவது விறைக்குதா? விழுங்க ஏலுமா? பகலில் சில தரம், இரவிலும். முதலில் இது எனக்கு விசர்க் கேள்வியாகத்தான் தெரிந்தது. அடுத்த நாளுக்கு எத்தனை கிலோ என்று தீர்மானிக்கிறது என்ர பதில்தான் என்று விளங்க ஒரு கிழமை எடுத்தது. இழுபடுகிற நரம்பு எப்ப போதும் என்கிறது என்று எக்ஸ்ரேயில் தெரியாது. முழித்துக்கொண்டு இருக்கிற ஆள் சொன்னால்தான் தெரியும். இந்த வைத்தியத்தை மயக்கத்தில் வைத்துச் செய்யாமல் வாரக்கணக்கில் முழிப்பில் வைத்துச் செய்கிறதுக்கு அதுவும் ஒரு காரணம்.

சரி, எந்தப் பாஷையில் சொல்லுவது? தமிழ் தெரிந்த ஒரு டொக்டர் காலையில் மட்டும் வருவார். இரவு மிஸ்மார் எல்லாரும் சிங்களம். நல்ல ஆக்கள், தலை கோதிவிடுவார்கள், ஆனால் நான் சொல்லுவது அவர்களுக்கு விளங்காது. அம்மாவுக்கு "ஹரி" தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்துக் கட்டிலில் இருந்த கண்டிப் பக்கத்து அக்காவுக்கு இரண்டு பாஷையும் தண்ணி. துண்டு வெட்டி வீட்டுக்குப் போக முதல் அவ என்ர கொப்பியில் தமிழ் எழுத்தில் எழுதித் தந்தா: ரிதெனவா என்றால் நோகுது. ஹிரிவெட்டெனவா என்றால் விறைக்குது. தெகக் பேனவா என்றால் ரெண்டாத் தெரியுது. மொத்தம் பன்னிரண்டு சொல்லு. தேவாரம் மாதிரிப் பாடமாக்கினேன்.

பதினைந்தாம் நாள், 9 கிலோ. பின்னேரம் சுவரில் இருந்த மணிக்கூடு இரண்டாகத் தெரிந்தது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன், இரண்டுதான். தியேட்டருக்கு நாள் குறித்து இருந்தது. சொன்னால் பாரத்தைக் குறைப்பார்கள், நாள் தள்ளிப்போகும், அப்பா எடுத்த லீவு முடிந்துபோகும். அம்மா மெல்லமாகச் சொன்னா, "படுத்து எழும்பு, விடியச் சரியாயிடும்." அவ வீட்டை விட்டு வந்து ஒரு மாதத்துக்குக் கிட்ட. வாங்குக்குக் கீழ பாய் விரித்துப் படுக்கிறா. அவ அப்பிடிச் சொன்னதில் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

மிஸ் மருந்து வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தா. "மிஸ், தெகக் பேனவா" என்றேன்.

வண்டில் அந்த இடத்திலேயே நின்றது. பத்து நிமிடத்துக்குள் டொக்டர் கட்டிலடியில். கண்ணுக்கு ரோச் அடித்துப் பார்த்து, உடனே 3 கிலோவைக் கழற்றினார்கள். கண்ணை வெளிப்பக்கம் திருப்புகிற ஆறாவது மண்டை நரம்பு நீண்ட பாதையால் வருகிறது, இழுவையின் கஷ்டம் அதில் தெரியக்கூடும் என்று அடுத்த நாள் காலையில் தமிழில் விளக்கினார்கள். மூன்றாம் நாள் மணிக்கூடு திரும்ப ஒன்றானது. பாரம் திரும்பக் கூடத் தொடங்கியது. தியேட்டர் நாள் பத்து நாள் பிந்தியது, அவ்வளவுதான். என்ர உடம்பைப் பற்றி நான் சொன்ன ஒரு வசனத்துக்கு ஒரு கூட்டமே ஓடிவந்தது அண்டைக்குத்தான் முதல் தரம்.

அந்த வாங்கில் இருந்துகொண்டு போனில் நிறைய வாசித்தேன். கானாவின் அக்ரா நகரில் ஃபோகஸ் என்று ஒரு எலும்பு வைத்தியசாலை இருக்கிறது, 2012இல் திறந்தது. நியூயோர்க்கில் வேலை செய்த கானா நாட்டு வைத்தியர் ஒஹெனெபா போச்சி-அஜெய் தொடங்கியது. 100 பாகையைத் தாண்டிய பிள்ளைகள் அங்கே வளையத்தோடு கிழமைக்கணக்கில் இருக்கிறார்கள். காசநோய் முள்ளந்தண்டை அரித்து முதுகு மடிந்துபோனவர்களும் அதில் இருக்கிறார்கள். அடிஸ் அபாபாவில் இருக்கிற ரிக் ஹோட்ஸ் என்ற வைத்தியர் எத்தியோப்பியாவில் இருந்தும் நிறையப் பேரை அனுப்புகிறார். அம்ஹாரிக்கோ ஒரோமோவோ பேசுகிற ஒரு பிள்ளை, ஆங்கிலமும் ட்வியும் பேசுகிற நாட்டில் இரவு ஒரு மணிக்கு "கால் விறைக்குது" என்று எப்பிடிச் சொல்லியிருக்கும் என்று யோசித்தேன். அதுக்கும் யாரோ ஒரு அக்கா கொப்பியில் எழுதிக் கொடுத்திருக்க வேணும்.

மொத்தம் ஏழு கிழமை. இழுவையின் முடிவில் 108 என்பது 81 ஆனது.

ஒபரேசனுக்கு முதல் நாள் மயக்க மருந்து டொக்டர் வந்தார். முதுகை நிமிர்த்துகிற நேரம் முண்ணாணுக்கு ஏதும் நடக்கிறதா என்று மின்சாரச் சைகை மூலம் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சந்தேகம் வந்தால் நடுவில் கொஞ்சம் முழிக்க வைத்துக் கால் விரலை ஆட்டச் சொல்லுவார்கள். 1973இல் அந்தச் சோதனையை எழுதி வெளியிட்டவர்களில் ஒருவர் அதே லியோன் ஸ்தஞாராதான். "எந்தப் பாஷையில கூப்பிட்டா உங்களுக்கு விளங்கும்?" என்று மயக்க மருந்து டொக்டர் மொழிபெயர்க்க ஒராளை வைத்துக் கேட்டார். தமிழில் என்றேன். வசனத்தைக் கேட்டு, சிங்கள எழுத்தில் ஒரு துண்டில் எழுதி, இரண்டு தரம் சொல்லிக் காட்டினார். நான் திருத்தினேன்.

நடுவில் எழுப்பத் தேவை வரவில்லையாம். ஆனால் ஐ.சி.யூவில் முழிப்பு வந்தபோது கேட்ட முதல் குரல் அதுதான், 'ழ', 'ள', 'ல' எல்லாம் ஒன்றாகக் கலந்து: "கால் விரலை ஆட்டு பாப்பம்." ஆட்டினேன்.

இப்ப 52 பாகை. உயரம் 7 சென்ரிமீற்றர் கூட. ஓ.எல். ஒரு வருசம் பிந்தி எழுதினேன். புருவத்துக்கு மேலே இரண்டு பக்கமும் சின்னக் குழி இருக்கிறது, முகப்பவுடர் போட்டாலும் மறையாது.

போன மாதம் வவுனியாவில் இருந்து ஒரு அம்மா போன் எடுத்தா, மகளுக்கும் வளையம் பூட்டப் போகினமாம், என்னென்ன கொண்டுபோகிறது என்று கேட்டா. முன்னுக்குப் பட்டின் வைத்த சட்டைகள் (தலையால் போடுகிறது வளையத்துக்குள் போகாது), சின்னக் கண்ணாடி ஒன்று, குடிக்க ஸ்ட்ரோ, நீளமான சார்ஜர் வயர் என்று சொன்னேன். பிறகு அந்தப் பன்னிரண்டு சொல்லையும் கொப்பியில் இருந்து படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். "சரி பிள்ளை, நான் பாடமாக்கிறன்" என்றா.

"நீங்கள் இல்லை அன்ரி," என்றேன். "மகளைப் பாடமாக்கச் சொல்லுங்கோ."