வருத்தமும் திருத்தமும்

பத்திரிகை அலுவலகங்களில் நாளாந்தம் புழங்கும் சொற்களில் ஒன்று ‘திருத்தம்’. ஒருவரின் பெயர் மாறி அச்சாகிவிட்டால் மறுநாள் உட்பக்க மூலையொன்றில் நான்கு வரிகள் இடுவோம். ‘தவறுக்கு வருந்துகிறோம்’ என்று முடிப்போம். முப்பது ஆண்டுகளை அண்மிக்கும் இத்தொழில் வாழ்வில் அந்த வாசகத்தை எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். எழுதிய எந்தச் சந்தர்ப்பத்திலும் நான் பெரிதாக வருந்தியதாக நினைவில்லை. எழுதாமல் விட்ட ஒன்றுக்காகவே இன்றும் வருந்துகிறேன்.

1996ஆம் ஆண்டு. பேராதனையில் கலைப் பட்டம் முடித்துக்கொண்டு கொழும்பில் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் சேர்ந்திருந்தேன். ஹட்டன் பக்கத்துத் தோட்ட லயமொன்றில் பிறந்து வளர்ந்தவன் என்பதால் மலையகச் செய்திகள் என் மேசைக்கே வரும். ஒரு மாலை, பிரதேச நிருபர் தொலைபேசியில் சிறு செய்தியொன்றைச் சொன்னார். தேயிலைத் தொழிற்சாலையில் கூட்டித் துப்புரவு செய்யும் பெண்ணொருவரின் பையில் தேயிலைத்தூள் இருந்ததாம். நிர்வாகம் முறையிட, பொலிஸார் கைதுசெய்துவிட்டனராம். நான் ஆறு வரிகளில் எழுதினேன். பெயரையும் தோட்டத்தையும் குறிப்பிட்டேன். ‘தேயிலைத்தூள் திருடிய பெண் கைது’ என்று தலைப்பிட்டேன். ‘சந்தேகத்தின் பேரில்’ என்ற இரண்டு சொற்களுக்குத் தலைப்பில் இடம் போதவில்லை. செய்தியில் இடம் இருந்தது. அங்கும் நான் அவற்றைச் சேர்க்கவில்லை.

சில மாதங்களின் பின்னர் நீதவான் அப்பெண்ணை விடுதலை செய்தார். அந்தப் பை அவருடையதே அல்ல என்று வழக்கில் தெரியவந்தது. நிருபர் அதனையும் தவறாது சொன்னார். அன்று பக்கம் முழுவதும் யுத்தச் செய்திகள். நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று குறிப்புத் தாளை மேசைக் கம்பியில் குத்திவைத்தேன். அந்த ‘நாளை’ வரவில்லை. போடவேண்டாம் என்று எவரும் என்னிடம் கூறவில்லை. ஆகையால் பழியை வேறெவர் மீதும் சுமத்த எனக்கு வழியில்லை.

இத்தனைக்கும் பல்கலைக்கழகத்தில் சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை உருகி உருகிப் படித்தவன் நான். பொற்கொல்லன் ஒருவனின் சொல்லை நம்பி, விசாரணையின்றிக் கோவலனைக் கொல்வித்தான் பாண்டியன். கண்ணகியின் சிலம்பு உடைந்து மாணிக்கப் பரல் தெறித்தபோது, தானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் துறந்தான். தவறை உணர்ந்த கணத்திலேயே அதை வாய்விட்டுச் சொன்ன ஆட்சியாளன் என்ற வகையில் அவன் பெரியவன்தான். ஆயினும் இந்த வயதில் அக்காப்பியத்தைத் திரும்பப் படிக்கும்போது எனக்கு வேறொன்று உறுத்துகிறது. மன்னனின் மரணத்தால் கோவலன் மீளவில்லை. அவனுக்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன், கண்ணகியின் சினம் தணியவேண்டி ஆயிரம் பொற்கொல்லரைப் பலிகொடுத்தான் என்று நூலின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை கூறுகிறது. பொய் சொன்னவன் ஒருவன்; மாண்டவர் ஆயிரவர். அரசின் கழிவிரக்கம் மற்றொரு அநீதியில் போய் முடிந்தது. இதை வகுப்பில் நாங்கள் விரைவாகக் கடந்து சென்றோம்.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ 1899இல் வெளிவந்த நாவல். நெஹ்லூதவ் என்ற பிரபு நீதிமன்றத்தில் ஜூரியாக அமர்கிறான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டு எதிரே நிற்கும் மாஸ்லவா, இளவயதில் அவனே கெடுத்துக் கைவிட்ட பெண். கொல்லும் நோக்கம் அவளுக்கு இருக்கவில்லை என்பதை ஜூரிகள் ஏற்றுக்கொண்டபோதிலும், அதைத் தீர்ப்பில் எழுத மறந்துவிடுகிறார்கள். விடுபட்ட சில சொற்களால் அவள் சைபீரியாவுக்கு அனுப்பப்படுகிறாள். இந்த இடத்தை வாசிக்கும்போதெல்லாம் எனது ஆறு வரிகள் கண்முன் வந்து நிற்கும். நெஹ்லூதவ் சாகவில்லை. தன் நிலங்களைக் குடியானவர்களிடம் விட்டுவிட்டு, அதிகாரிகளின் வாசற்படிகளில் ஏறி இறங்கி, அவள் பின்னாலேயே சைபீரியா செல்கிறான். அவளோ அவனை மணக்க மறுத்துவிடுகிறாள். தன் ஆன்மாவைக் கழுவிக்கொள்ள அவன் தன்னைப் பயன்படுத்துகிறான் என்ற ஐயம் அவளுக்குத் தொடக்கத்திலேயே எழுகிறது. வருந்துபவன் கேட்கத் தயங்கும் கேள்வி அதுதான்: என் வருத்தத்தால் ஆறுதல் பெறுவது யார், பாதிக்கப்பட்டவரா, நானா?

சட்டத்துறையிலும் ‘திருத்தம்’ என்ற சொல் உண்டு. அதன் பொருளை எங்களைவிட நன்கறிந்த மக்கள் இருக்கமுடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம், தகப்பனோ, அல்லது பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்ததை நிரூபிக்கும்படி கேட்டது. பிறப்புப் பத்திரமே காணாத லயத்து மக்கள் எதை நிரூபிப்பது? ஏறத்தாழ ஏழு இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1947இல் தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளை. அவரைத் தெரிவுசெய்த மக்கள் 1952 தேர்தலில் வாக்கற்று நின்றனர். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிலெடுத்து, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேர் பின்னர் பார்க்கலாம் என்று வகுத்தது. 1948இல் அச்சட்டத்தை எதிர்த்துக் குரல்கொடுத்த இடதுசாரித் தலைவர் என்.எம். பெரேரா, இவ்வொப்பந்தம் கைச்சாத்தான வேளையில் அதே அரசாங்கத்தில் நிதியமைச்சர். பொறுப்பு என்பது எதிரணியில் இருக்கும்போது சொல்வதோடு முடிந்துவிடுவதில்லை.

தலைமன்னாருக்குச் செல்லும் அந்த ரயிலை எங்கள் பக்கத்தில் ‘அழுகைக் கோச்சி’ என்பார்கள். ஹட்டன் ஸ்டேஷனில் சிறுவனாக அந்த அழுகையைக் கேட்டிருக்கிறேன். என்னுடன் படித்த ஒருவன் ஜன்னலுக்குள்ளிருந்து கைநீட்டினான். அதன் பிறகு அவனைக் காணவில்லை.

1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டமும் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமும் எஞ்சியவர்களுக்குப் பிரஜாவுரிமை ‘வழங்கின’. இரண்டாவது வந்தபோது முதற் சட்டத்துக்கு ஐம்பத்தைந்து வயது. வரவேற்கத்தக்க சட்டங்கள்தாம், மறுப்பதற்கில்லை. ஆனால் பறித்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதை வழங்குதல் என்று சொல்வது எந்த ஊர் வழக்கம்?

அந்த 2003 சட்டத்தின் விண்ணப்பங்களை மக்கள் நிரப்பிக்கொண்டிருந்த நாட்களில் செய்தி சேகரிக்க ஹட்டனுக்குப் போனேன். அந்தத் தோட்டத்துக்கும் போனேன். போகாமல் இருந்திருக்கலாம், ஆனால் வழியில் பெயர்ப்பலகையைக் கண்ட பின்னர் இயலவில்லை. அந்த அக்கா தொழிற்சாலை வேலையை இழந்து, மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். நான் யார், என்ன எழுதினேன், எதை எழுதாமல் விட்டேன் என்று சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

“ஏழு வருசமாச்சு தம்பி. இப்ப பேப்பருல போட்டா யாரு பாப்பா?” என்றார். பின்னர் சொன்னார்: “அன்னைக்கு அந்தப் பேப்பர பிரட்டுக்களத்துல வச்சு சத்தமா வாசிச்சாங்க. எம் மக பக்கத்துல நின்னுச்சு. போடுறதுன்னா, இதையும் அங்கயே வாசிங்க.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கையிலிருந்த விண்ணப்பத்தை மட்டும் என்னிடம் நீட்டினார். நிரப்பிக் கொடுத்தேன். பெயரைச் சரியாக எழுதியிருக்கிறேனா என்று இரண்டு தடவை வாசித்துக் காட்டச் சொன்னார்.

அடுத்த வாரம் அந்தத் திருத்தம் முன்பு செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவுத் தலைப்புடன் வெளியானது. பத்திரிகையை எடுத்துக்கொண்டு இரவு ரயிலில் ஏறி, விடியற்காலைப் பிரட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். பனி விலகியிருக்கவில்லை. கணக்கப்பிள்ளையிடம் அனுமதி பெற்று உரத்து வாசித்தேன். என் குரல் நடுங்கியது. இளையவர்களுக்கு எதைப் பற்றிய பேச்சு என்பதே விளங்கவில்லை. ஒரு முதியவர் மட்டும் தலைப்பாகையை அவிழ்த்து மீண்டும் கட்டிக்கொண்டு, “அப்பவே எனக்குத் தெரியும்” என்றார். தெரிந்தும் அப்போது சொல்லாதவர் என்று எனக்குள் கோபம் வந்தது. அடுத்த கணமே அக்கோபத்துக்கு எனக்கு என்ன உரிமை என்று தோன்றியது.

அக்கா கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். மகள் அங்கிருக்கவில்லை, பள்ளிப் படிப்பை விட்டுக் கொழும்பில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். வாசித்து முடித்ததும் அவர் என்னைப் பார்த்தார். மன்னித்தேன் என்றோ இல்லையென்றோ சொல்லவில்லை. கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மற்றவர்களோடு மலையேறினார்.