கோதுமை தின்னாத கோழிகள்

எங்கள் வீட்டுக் கொல்லையில் 11 கோழிகளும் 2 சேவல்களும் உள்ளன. 2022ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அவற்றில் ஒன்றுகூடக் கோதுமையை அலகால் தொட்டதில்லை என்று எழுதிவிட ஆசைதான். ஆனால் அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவர் உயரம் குறைந்தது. கோழிகளுக்கோ சிறகு உண்டு. ஆகவே எங்கள் கையால் கோதுமை இட்டதில்லை என்று மட்டும் சொல்லிக்கொள்கிறோம்.

நாங்கள் இருவரும் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள். திண்டுக்கல் பக்கம் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். உடன் அம்மா இருக்கிறார் (எங்களுள் ஒருவருக்கு அம்மா, மற்றவருக்கு அத்தை, இருவரும் அம்மா என்றே அழைக்கிறோம்). கோழிகள் அவருடையவை. பஞ்சாரம் கவிழ்ப்பதும், அடைக்கு வைத்து 21 நாள் எண்ணுவதும், குஞ்சு பொரித்ததும் கரையானுக்குப் பானை வைப்பதும் அவர் அரசாட்சி. சாணமும் வைக்கோலும் பழஞ்சாக்கும் திணித்து நீர் தெளித்துப் பானையை இரவில் கவிழ்த்து வைத்தால், காலையில் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சிறந்த உணவு உண்டென்று அம்மா இன்றுவரை ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் மகளுக்கு ஏழு வயதாகும்வரை அவள் நோய்க்குப் பெயர் தெரியாது. வயிறு உப்பியிருக்கும், கைகால்கள் மெலிந்திருக்கும், உயரம் நின்றுபோயிற்று. பூச்சி மருந்து கொடுத்தார்கள். இரும்புச்சத்து மருந்து கொடுத்தார்கள். பிள்ளை தேற வேண்டுமே என்று நாங்களோ அரிசியைக் குறைத்து இரண்டு வேளை சப்பாத்தியும், இரவில் மால்ட் கலந்த பாலும் கொடுத்துவந்தோம். அந்த ஈராண்டுகளை நினைத்தால் இன்றும் எங்களுக்குத் தொண்டை அடைக்கும். 2021இல் குருதிச் சோதனையும் குடல் உள்நோக்கிச் சோதனையும் செய்து, சீலியாக் நோய் என்றார்கள்.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களிலுள்ள குளூட்டன் என்னும் பசைப்புரதம் உள்ளே சென்றால், உடலின் காப்புப் படையே சிறுகுடலைத் தாக்கும் நோய் இது. உணவுச் சத்தை உறிஞ்சுகின்ற நுண்விரல்கள் மழுங்கிப்போகின்றன. மருந்து கிடையாது, வாழ்நாள் முழுவதும் பத்தியம் ஒன்றே வழி. உலகில் ஏறத்தாழ நூற்றில் ஒருவருக்கு உண்டு என்கிறார்கள். நம் நாட்டில் கோதுமை உண்ணும் வடபுலத்தில் மிகுதி, அரிசி உண்ணும் தென்புலத்தில் குறைவு. குறைவு என்பதாலேயே இங்கு அதை நினைத்துப் பார்ப்பவரும் குறைவு.

கோதுமைதான் பகை என்பதை உறுதிசெய்தவர் வில்லெம் டிக்கே என்ற டச்சுக் குழந்தை மருத்துவர். போருக்கு முன்பே அவருக்கு அந்த ஐயம் இருந்தது. 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தைப் பஞ்சம் வாட்டியது. ஊரெல்லாம் மெலிந்தபோது இந்நோயுற்ற குழந்தைகள் சிலர் தேறினர்; ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மீண்டும் நலிந்தனர். 1950இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அவர் அளித்த ஆய்வேடு இதைப் பற்றியதே. ஊர் பசித்துக் கிடந்த காலத்தில் ஒரு பிள்ளையின் கன்னம் உப்புவதைப் பார்த்த தாயின் மனம் எப்படி இருந்திருக்கும் என்று நாங்கள் பலமுறை பேசியிருக்கிறோம்.

பத்தியம் தொடங்கினோம். அரிசி உண்ணும் வீட்டில் இது எளிதென்றுதான் முதலில் எண்ணினோம். ரவை, சேமியா, மைதா, பிஸ்கட் ஆகியவை வெளியேறியதும் வேலை முடிந்ததென்றே இருந்தோம். பிறகுதான் பெருங்காயம் அகப்பட்டது! கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ சேர்ப்பது வழக்கம். சாம்பாரும் ரசமும் மோரும் வழியாக அது நாள்தோறும் வந்துகொண்டிருந்தது. ஒரு பொருளைக் ‘குளூட்டன் அற்றது’ என்று விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது சட்டம். 20 மில்லிகிராம் என்பது கண்ணுக்குப் படாத தூசு. தூசோடு போரிடுகிறோம் என்பது அப்போது புரிந்தது.

ஓராண்டு சென்றது. மகளுக்கு எடை கூடியது. முகத்தில் களை வந்தது. ஆனால் குருதியில் எதிர்ப்பொருளின் அளவு எதிர்பார்த்தபடி இறங்கவில்லை. எங்கிருந்தோ கோதுமை உள்ளே போகிறது என்றார் மருத்துவர். அடுக்களையைத் தலைகீழாக்கிப் பார்த்தோம், ஒன்றும் அகப்படவில்லை. அப்போது எங்கள் கண் கோழிகள்மேல் விழுந்தது. அங்காடியில் அரிசிக்குப் பதிலாக வாங்கும் கோதுமையை இந்தப் பத்தியத்துக்குப் பின் அம்மா கோழிக்கே இட்டுவந்தார். நாங்கள் கூட்டல் கணக்குப் போட்டோம்: கோழி கோதுமை தின்கிறது, பிள்ளை முட்டை தின்கிறாள். யாரிடமும் கேளாமல் முட்டையை நிறுத்தினோம்.

இது அறியாமை. கோழி தான் தின்ற புரதத்தை அப்படியே முட்டைக்குள் வைத்துவிடுவதில்லை. குடலில் அதை அமினோ அமிலங்களாக உடைத்து, அவற்றைக்கொண்டு தனக்குரிய புரதங்களைப் புதிதாகக் கட்டுகிறது. கோதுமை தின்ற கோழியின் முட்டையிலும் குளூட்டன் இல்லை, இறைச்சியிலும் இல்லை. (இரைப்பையில் செரிக்காத மணிகள் கிடக்கும், அறுத்துச் சுத்தம் செய்பவர் அதை எறிந்துவிட்டுக் கை கழுவ வேண்டும், அவ்வளவே.) தேற வேண்டிய பிள்ளைக்கு இரண்டு மாதம் முட்டையை மறுத்தோம். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நாள்தோறும் முட்டைகளைப் பொறுக்கி, எண்ணி, அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்துகொள்வார். தம் கோழிகள் பேத்தியைக் கெடுத்தன என்று நாங்கள் தீர்ப்பளித்ததாகவே அவர் எடுத்துக்கொண்டார். அதில் தவறும் இல்லை.

சத்துணவு ஆலோசகர் ஒருவர்தாம் எங்களைத் திருத்தினார். முட்டையைப் பற்றிச் சொன்னதும் சிரித்துவிட்டு, “கோழிக்கு யார் தீனி வைக்கிறார்கள்?” என்று கேட்டார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மகள்தான் வைக்கிறாள். காலையில் எழுந்ததும் அப்பத்தாவுக்கு முன்னால் கொல்லைக்கு ஓடுவாள். உடைத்த கோதுமையையும் கோதுமைத் தவிட்டையும் மண்சட்டியில் கொட்டி, இரு கையாலும் பிசைந்து, உருட்டி உருட்டி எறிவாள். நகக்கண்ணில் மாவு, பாவாடையில் மாவு, மூக்கருகே பறக்கும் தூசு. அந்தக் கையோடு கொய்யாவைப் பறித்துக் கடிப்பாள். சாக்கு கிடந்த இடமோ அடுக்களைத் தாழ்வாரம்.

2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் இதையொத்த ஒரு செய்தி வெளிவந்துள்ளது. பத்தியம் காத்தும் நோய் தணியாத உழவர்களைப் பற்றியது அது. மாட்டுக்கு உலர்தீவனம் இடும்போது பறந்த தூசே அவர்களுக்குப் பகையாயிருந்தது. மூச்சில் ஏறும் தூசு தொண்டையில் படிந்து எச்சிலோடு விழுங்கப்படுகிறது.

கோழிகளை விற்றுவிடலாமா என்ற பேச்சும் எழுந்தது. மகள் அழுதாள். அம்மா அப்போதுதான் வாய் திறந்தார்: “கோதுமை நேத்து வந்தது. எங்க ஆத்தா கோதுமையா போட்டுக் கோழி வளத்தா? கம்பும் சோளமும் வாங்கிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்.”

அதன்பின் நாங்கள் எழுத்தர் வேலைதான் பார்த்தோம். அம்மா சொன்னார், நாங்கள் குறித்துக்கொண்டோம். 10 கிலோ தீனிக்கு உடைத்த மக்காச்சோளம் 4 கிலோ, கம்பு ஒன்றரை, நொய் 1, அரிசித் தவிடு 1, கடலைப் புண்ணாக்கு ஒன்றே முக்கால், கருவாட்டுத் தூள் அரை, கிளிஞ்சல் தூள் கால் கிலோ. முட்டையிடும் கோழிக்குத் தீனியில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் வேண்டும் என்கிறது கால்நடை அறிவியல். அம்மாவின் கைக்கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஏறக்குறைய 17 வந்தது. ஓடு தடிக்கச் சுண்ணாம்புச் சத்து இன்னும் வேண்டும். அதற்குக் கிளிஞ்சலைத் தனிச்சட்டியிலும் வைத்துவிடுவார், வேண்டிய கோழி கொத்திக்கொள்ளும். புண்ணாக்கு வாங்கினால் முதலில் முகர்ந்து பார்ப்பார். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு கோழிக்கு நஞ்சு. முருங்கைக் கீரையும் மக்காச்சோளமும் சேர்ந்ததால் மஞ்சள் கரு முன்னைவிட நிறமேறிற்று.

ஒரு சிக்கல் மட்டும் அவருக்கும் புதிது. மாவு மில்லில் மக்காச்சோளத்தை உடைத்து வந்தோம். அதே எந்திரத்தில் முன்னவர் கோதுமை அரைத்திருந்தார்! வாளியில் மேலாக வெள்ளைப் பொடி தெரிந்தது. அன்று மாலையே அம்மா, மாட்டுக்கொட்டகை மூலையில் கிடந்த திருகையைப் புரட்டி எடுக்கச் சொன்னார். இருபதாண்டாக அதில் பல்லி முட்டையிட்டுக் கொண்டிருந்தது. கொத்துபவர் ஒருவரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆயிற்று. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இருவரும் மாறி மாறித் திருகை சுற்றுகிறோம். தோள் வலிக்கிறது, திருகைப் பாட்டு பற்றி வகுப்பில் இனி அலங்காரமாகப் பேச மாட்டோம்.

பட்டினப்பாலையில், காயவைத்த தானியத்தைக் கொத்த வந்த கோழியை விரட்டப் பெண்கள் பொற்குழையைக் கழற்றி எறிவார்கள். செல்வச் செழிப்பைக் காட்டும் அடிகள் என்றுதான் ஆண்டுதோறும் விளக்கி வந்திருக்கிறோம். கோழி எதைத் தின்றது, அந்தத் தீனியை எந்தக் கை அள்ளியது என்று நாங்கள் கேட்டதே இல்லை.

2023இன் நடுவில் எடுத்த சோதனையில் எதிர்ப்பொருள் இயல்பளவுக்கு இறங்கியிருந்தது. அதற்குக் கோழித்தீனி ஒன்றே காரணமென்று மருத்துவர் சொல்லவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அம்மா சொல்கிறார். முட்டை மீண்டும் தட்டுக்கு வந்தது. முட்டையைக் கழுவிய பிறகே அடுக்களைக்குள் கொண்டுவருவது, தீனி வைத்தபின் கை கழுவாமல் எதையும் வாயில் வைக்காதிருப்பது என்பவை வீட்டுச் சட்டங்கள், மகளே காவலர்.

சுவரேறிப் போய்வரும் சிவப்புச் சேவல் ஒன்று இருக்கிறது. அடுத்த வீட்டில் இன்றும் அங்காடிக் கோதுமைதான் இறைக்கிறார்கள். அது உண்டு களித்துத் திரும்பி வந்து அவள் காலருகே நின்றால், அவள் இரண்டடி பின்வாங்கி இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொல்வாள்:

“போடா, வாயைக் கழுவிட்டு வா.”