சடங்கை மாற்றிய சுரங்கத் தொழிலாளர்கள்

ஜான் டெய்லர் நிறுவனத்தின் கீழ் 1880க்குப் பின் விரிவடைந்த கோலார் தங்கவயலுக்கு, நந்திதுர்க் உள்ளிட்ட சுரங்கங்களில் இறங்க வட ஆர்க்காட்டிலிருந்து வந்தவர்களில் பெரும்பகுதியினர் தாழ்த்தப்பட்ட தமிழர்கள்; ஊரில் அவர்களுக்கு விதிக்கப்பட்டிருந்த வெட்டிமை, அதாவது சாவுக்குப் பறையடிப்பது போன்ற கூலியில்லாக் கட்டாய ஊழியம், மாதச் சம்பளம் தரும் இந்தக் குடியிருப்பில் பிடி தளர்ந்தது.

பிடி தளர்ந்ததாலேயே இழிவு மறைந்துவிடவில்லை என்பதை உணர்ந்த அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கம், தங்கவயலின் மாரிக்குப்பத்தில் கிளை தொடங்கியபோது, கொள்கை விளக்கத்தோடு நில்லாமல் சடங்கையே கையிலெடுத்தது. திருமணத்திலும் இறப்பிலும் பிராமணப் புரோகிதர் இடம்பெறாமல், புத்தர், தம்மம், சங்கம் ஆகிய மூன்றிலும் அடைக்கலம் கூறும் திரிசரணமும், கொல்லாமை முதலான ஐந்து ஒழுக்கங்களை ஏற்கும் பஞ்சசீலமும் கூடியிருப்போர் வாயாலேயே ஓதப்பட்டன. தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் சுரங்க லைனில், ஒரு வீட்டுக் கல்யாணத்தை அடுத்த வீடு திண்ணையிலிருந்தே பார்த்துவிடும் நெருக்கத்தில், துண்டுப் பிரசுரம் சேராத காதுக்கும் இது சேர்ந்திருக்கும்.

தீபாவளியை நரகாசுரன் வதையாகக் கொள்ளாமல், எள்ளிலிருந்து எண்ணெய் எடுத்து அதன் பயனைக் கண்டறிந்த நாளாக அயோத்திதாசர் விளக்கினார். வரலாற்று உண்மையாக இவ்விளக்கம் நிற்குமா என்பது வேறு கேள்வி, ஆனால் எண்ணெய்க் குளியலை விடாமலே அதன் பொருளை மாற்றிய சாமர்த்தியம் குறிப்பிடத்தக்கது. அவர் 1914இல் மறைந்த பிறகு, 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை இவ்வியக்கத்தைச் சேர்ந்த ஜி. அப்பாதுரையார் தங்கவயலிலிருந்தே நடத்தினார்.

2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. புத்த பூர்ணிமை இன்றும் அங்கே கொண்டாடப்படுகிறது.