கந்தீஸா: எங்க ஊர்ல எனக்கு மட்டும் பிடிச்ச ஆல்பம்

ராக் மியூசிக்னு சொன்னாலே எங்க மாரண்டஹள்ளியில "காட்டுக் கத்தல்"னுதான் அர்த்தம். இந்தியன் ஓஷனோட 'கந்தீஸா'வுல (2000ல வந்த ஆல்பம்) அப்படி யாரும் கத்தறதில்லைங்க. அப்படியும் இருபது வருஷத்துக்கு மேலா ஒரு ஆளைக்கூட முழுசா உட்கார வச்சு கேக்க வைக்க என்னால முடியலை.

டெல்லி ஆளுங்க, நாலு பேரு. சுஸ்மித் சென் கிடார், ராகுல் ராம் பேஸ் கிடார், அமித் கிலாம் டிரம்ஸ், அஷீம் சக்ரவர்த்தி தபலா. அஷீம் தபலாவை வாசிச்சுக்கிட்டே பாடவும் செய்வார். ஒரு கை ஒரு தாளம், தொண்டை வேற ஒரு கணக்கு. உட்கார்ந்து யோசிச்சா தலை சுத்தும்.

பெங்களூர்ல என்கூட ரூம்ல இருந்த பசங்க மெட்டாலிகா பைத்தியங்க. "மச்சி, டிஸ்டார்ஷனே இல்ல, தபலா வேற. இது ராக்கே கிடையாது"ன்னு தள்ளிட்டாங்க. ஊருக்கு வந்தா நேர் எதிர்: "இது பாட்டே கிடையாது." ரெண்டு பக்கமும் அடி வாங்கின ஆல்பம்ங்க இது.

ஊர்க்காரங்க சொல்ற முக்கியமான புகார், மொழி புரியலைங்கிறது. இதைத்தான் என்னால ஒத்துக்க முடியலை. டீக்கடையில தமிழ்ல ஆரம்பிச்சு தெலுங்குல திட்டி கன்னடத்துல முடிக்கிற ஊர் இது! தலைப்புப் பாட்டு சிரியாக் மொழி. கேரளத்து சிரியன் கிறிஸ்தவங்க தேவாலயத்துல பாடுற பழைய துதி. ஒரு நாள் வீட்ல அதை ஓட விட்டேன். மெதுவா ஆரம்பிச்சு ஏறிக்கிட்டே போச்சு. அடுப்படியில இருந்து அம்மா, "ஏன்டா, இது சாமிப் பாட்டா?"ன்னு கேட்டாங்க. இத்தனை வருஷத்துல சரியா சொன்னது அவங்க ஒருத்தங்கதான். அடுத்த நிமிஷமே "கொஞ்சம் சவுண்டைக் குறை"ன்னும் சொன்னாங்க, அது வேற விஷயம் :-)

'மா ரேவா' நர்மதையைப் பத்தின பாட்டு. ரேவான்னா நர்மதைதான். ராகுல் ராம் அந்த அணை எதிர்ப்புப் போராட்டத்துல இருந்தவர். அமெரிக்காவுல டாக்டர் பட்டம் வாங்கிட்டு வந்து நர்மதைக் கரைக்குப் போன மனுஷன். ஆத்தைப் பத்திப் பாடறதுக்கு அவருக்கு உரிமை இருக்குன்னு தோணும். பஞ்சப்பள்ளி அணைப் பக்கம் வத்திக் கிடக்கிற சின்னாறைப் பார்த்துக்கிட்டே இதைக் கேட்டிருக்கேன். நம்ம சின்னாறுக்கு இப்படி ஒரு பாட்டு இல்லையேன்னு பொறாமையா இருந்துச்சு.

2009 டிசம்பர் 25, அஷீம் மாரடைப்புல போயிட்டார். நியூஸைப் பார்த்தப்ப பக்கத்துல சொல்றதுக்கு ஒரு ஆள் இல்லை. யார்கிட்ட போய் "அஷீம் செத்துட்டாரு"ன்னு சொல்றது? எந்த அஷீம்னுதானே கேப்பாங்க. அன்னிக்கு ராத்திரி ஹெட்போன்ல தனியாத்தான் கேட்டேன். 2013ல சுஸ்மித்தும் விலகிட்டார். புது ஆளுங்களோட பேண்ட் ஓடுது, நல்லாவும் வாசிக்கிறாங்க. ஆனா அந்த நாலு பேரை ஒண்ணா மேடையில பார்க்கிற வாய்ப்பு எனக்குக் கிடைக்காமலே போச்சு.

ஒரு சின்ன ஆறுதல். ராயக்கோட்டை மண்டிக்குத் தக்காளி லோடோட போன நண்பன் வண்டியில 'ஹில்லே லே' போட்டேன். கோரக் பாண்டே எழுதின போஜ்புரிப் பாட்டு, சனங்க திரண்டு வர்றப்ப உலகமே ஆட்டம் காணுதுங்கிற சங்கதி. பய ஒரு வார்த்தை பேசலை, ஸ்டியரிங்ல தாளம் மட்டும் போட்டுக்கிட்டே வந்தான். பாட்டு முடிஞ்சதும், "போதும் மாப்ள, நம்ம ராஜாவைப் போடு"ன்னுட்டான்.