ஆத்தைக் காப்பாத்துறதெல்லாம் ஒரு வேலையா?

"படிப்பு முடிஞ்சதும் என்னடா பண்ணப்போற?"

பொங்கலுக்கு வந்திருந்த பெரியப்பா கேட்டார். "ஆறு, ஏரி, குடிதண்ணி சம்பந்தமான வேலைக்குப் போலாம்னு இருக்கேன் பெரியப்பா" என்றேன். "சாக்கடை அள்ளுறதுக்கு எதுக்குடா இஞ்சினியரிங்?" என்று அவர் கேட்க, வீடே சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் நம்ம ஊர்க் கதை. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் இருக்கிற நமக்கு கூவம் என்றால் கோயம்பேட்டுப் பாலத்தில் மூக்கைப் பொத்திக்கொள்வதுதான் ஞாபகம் வரும். ஆனால் அது திருவள்ளூர் மாவட்டத்தில் கூவம் என்கிற கிராமத்துப் பக்கத்திலிருந்து வருகிற ஆறு. வழியில் ஜமீன் கொரட்டூரில் (நம்ம ரயில்வே ஸ்டேஷன் கொரட்டூர் இல்லை மக்களே, இது வேற!) ஒரு அணைக்கட்டு இருக்கிறது. அங்கிருந்து கூவத்துத் தண்ணீரைக் கால்வாய் வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்குத் திருப்பிவிடலாம். அதாவது மேலே நாம் குடிக்கிற தண்ணீர். திருவேற்காடு தாண்டிக் கீழே போகப் போக அதே ஆறு சாக்கடை. நடுவில் என்ன நடந்தது? நாம் நடந்தோம், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலும் வறண்டது ஞாபகம் இருக்கா? அந்த வருஷம் ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வில்லிவாக்கத்துக்கு ரயிலில் வந்தது. டிவியில் எல்லாரும் கைதட்டினோம். சென்னைக்கு அப்போது ஒரு நாளைக்குத் தேவை 80 கோடி லிட்டருக்கு மேல். கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்த ரயில் கொண்டுவந்தது நூற்றில் அரைப் பங்குகூட இல்லை.

அந்த ரயில் எந்த வழியா வந்தது? ஆவடி, அம்பத்தூர், பட்டரவாக்கம், கொரட்டூர். இரண்டு பெரிய ஏரிகள் இருக்கிற ஊர்கள் வழியாக! அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்குப் போகும், அங்கிருந்து ரெட்டேரி. அந்தக் காலத்து ஆட்கள் அப்படிச் சங்கிலியாகக் கோர்த்து வைத்திருக்கிறார்கள். நாம் அந்தச் சங்கிலியில் வீட்டுச் சாக்கடையையும் கம்பெனிக் கழிவையும் விட்டோம். கொரட்டூர் ஏரியைக் காப்பாற்றச் சொல்லி அந்தப் பகுதி மக்கள் ஒரு இயக்கமாகச் சேர்ந்து 2016-ல் பசுமைத் தீர்ப்பாயத்துக்கே போனார்கள். அவர்களில் யாரும் சம்பளத்துக்கு இதைச் செய்யவில்லை.

சரி, சம்பளத்துக்குச் செய்ய வழி இருக்கா? நான் தேடிப் பார்த்த வரைக்கும் இருக்கிறது. மெட்ரோ வாட்டர், குடிநீர் வடிகால் வாரியம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் மூன்றிலும் இஞ்சினியர்கள் தேவை. சுத்திகரிப்பு நிலையங்களை நடத்துகிற கம்பெனிகள் இருக்கின்றன. லேபில் தண்ணீர் பரிசோதிக்க கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி படித்தவர்கள் வேண்டும். வழக்குப் போட வக்கீல் வேண்டும்.

இந்தத் துறையில் பேர் வாங்கிய மூன்று பேரைப் பாருங்கள். ராஜஸ்தானில் தடுப்பணைகள் கட்டி அர்வரி ஆற்றை ஓடவைத்து, 2015-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு வாங்கிய ராஜேந்திர சிங் படித்தது ஆயுர்வேதம். சென்னையில் மழைநீர் சேகரிப்புக்காக வீடு வீடாக ஏறி இறங்கிய சேகர் ராகவன் படித்தது இயற்பியல். கூகுள் வேலையை விட்டுவிட்டு ஏரிகளைத் தூர்வாரக் கிளம்பிய அருண் கிருஷ்ணமூர்த்தி படித்தது மைக்ரோபயாலஜி. ஆக, என்ன படித்தோம் என்பது பெரிய தடையாக இல்லை.

இப்போது அப்பா விஷயம்.

அப்பா எஸ்டேட்டில் ஒரு சின்ன பிளேட்டிங் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக வேலை பார்க்கிறார். என் ஸ்கூல் ஃபீஸ், காலேஜ் ஃபீஸ் எல்லாம் அந்தக் குரோமியத் தொட்டியிலிருந்து வந்ததுதான். பொங்கல் அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் அவரே ஆரம்பித்தார்.

"நாங்க கழுவி ஊத்தின தண்ணி எங்க போகுதுன்னு நான் கேட்டதே இல்லடா. ஒரு தடவை செக்கிங்னு ஒரு மாசம் பூட்டிட்டாங்க. உங்கம்மா கம்மலை அடகு வெச்சா. நீ நாளைக்கு வந்து எங்க கம்பெனியையே மூடச் சொல்லுவியா?"

என்ன பதில் சொல்றது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். காலேஜில் "ஏரியைக் காப்போம்" என்று கோஷம் போடும்போது இந்தக் கேள்வி எனக்கு வந்ததே இல்லை.

பிறகு தெரிந்ததைச் சொன்னேன். மூடுவது மட்டும்தான் வழி என்றில்லை. குரோமியம் கலந்த தண்ணீரில் கொஞ்சம் ஆசிட் சேர்த்து, சோடியம் மெட்டாபைசல்பைட் போட்டால் விஷம் அதிகமான ஆறாம் நிலைக் குரோமியம் மூன்றாம் நிலைக்கு மாறும். அப்புறம் சுண்ணாம்பு போட்டால் கசடாகக் கீழே படியும். அந்தக் கசடைக் கண்ட இடத்தில் கொட்டாமல் பத்திரமாக அப்புறப்படுத்த வேண்டும். ஆறாம் நிலைக் குரோமியம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமுக்கு மேல் வெளியே போகக் கூடாது என்பது விதி. ஒரு சின்ன கம்பெனிக்குத் தனியாக இது செலவுதான். நாலைந்து கம்பெனி சேர்ந்து ஒரே பிளான்ட் வைத்தால் கட்டுப்படியாகலாம். அதைப் போட்டுக் கொடுத்து, ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் நான் சொல்கிற வேலை.

அப்பா யோசித்தார். "ஜாப்பைத் தொட்டியிலேர்ந்து தூக்கினதும் உடனே கழுவப் போடாம, பத்து செகண்ட் மேலயே பிடிச்சா கெமிக்கல் நிறைய தொட்டிலயே சொட்டிடும்டா. கழுவுற தண்ணில அவ்ளோ குரோமியம் வராது. அவசரத்துல யாரும் பண்றதில்ல."

புக்கில் இதை ஒரு முழு அத்தியாயமாகப் படித்திருக்கிறேன். அப்பா பதினெட்டு வருஷமாகக் கையிலேயே வைத்திருந்திருக்கிறார்.

அடுத்த வாரம் சாப்பிடும்போது திடீரென்று கேட்டார். "ஏண்டா, நிக்கலுக்கும் அதே சுண்ணாம்புதானா?"

"ஆமாம்ப்பா, ஆனா இன்னும் கொஞ்சம் கூடுதலா போடணும்" என்றேன்.

பெரியப்பாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. அடுத்த பொங்கலுக்குச் சொல்லிக்கலாம். உங்க வீட்டில் யாராவது எஸ்டேட்டில் வேலை பார்த்தால், அவர்களிடமும் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள், தண்ணி எங்க போகுதுன்னு. சண்டைக்காக இல்லை, தெரிந்துகொள்ளத்தான்.