இடுக்கி பிடித்த கை

சென்னிமலையில் நெசவாளர் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது பஞ்சுதான். தறிக்குழியில், ஜன்னல் கம்பியில், சாமி படத்து மாலையில், நெய்கிறவரின் புருவத்தில் எல்லாம் மெல்லிய வெள்ளைப் படலம். போர்வை நெய்யும் என் நண்பரின் மகள் அப்படியொரு வீட்டில் பிறந்தவள். எட்டு ஆண்டுகளாக அவள் வேலை பார்ப்பதோ ஓர் இழைத் துணுக்குகூடப் பறக்கக் கூடாத அறையில். ஊசி மருந்தைக் குப்பிகளில் நிரப்பும் கிருமியற்ற பிரிவு அது. "புது லைன் போட்டிருக்காங்க மாமா. ஓட்டிப் பாக்கப் போறோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு நீங்களும் பாக்கலாமுங்க" என்றாள். ஆலையில் அனுமதியும் வாங்கித் தந்தாள். கிளம்பிவிட்டேன்.

2023இல் படித்த ஒரு செய்தி அப்போதும் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது. சென்னைக்கு அருகே தயாரான கண் சொட்டு மருந்தோடு தொடர்புள்ளதாகக் கண்டறியப்பட்ட நோய்த்தொற்று, அமெரிக்காவில் 18 மாநிலங்களில் 81 பேரைத் தாக்கியது. 14 பேருக்குப் பார்வை போயிற்று. 4 பேருக்குக் கண்ணையே அகற்ற வேண்டியிருந்தது. 4 பேர் இறந்தார்கள். காரணம் சூடோமோனாஸ் என்ற ஒரு பாக்டீரியா. நம் மண்ணில் அடைத்த ஒரு சின்னப் புட்டி எங்கோ ஒருவரின் கண்ணைப் பறிக்கும் என்றால், அதை அடைக்கும் இடத்தை நேரில் பார்த்தே ஆக வேண்டும் என்று தோன்றியது.

ஆலை கோவைப் பக்கம். தடுப்பூசி, புரத மருந்து போன்றவை சூடு தாங்கா. குப்பியில் அடைத்த பிறகு வேகவைத்துக் கிருமியைக் கொல்ல வழியில்லை. அதனால் மருந்து, குப்பி, ரப்பர் மூடி மூன்றையும் தனித்தனியே கிருமி நீக்கி, கிருமியில்லாத காற்றுக்கு நடுவில் ஒன்றுசேர்க்கிறார்கள். மருந்து 0.22 மைக்ரான் துளையுள்ள வடிகட்டி வழியாக வருகிறது. கழுவிய கண்ணாடிக் குப்பிகள் 250 டிகிரிக்கும் மேல் தகிக்கும் சுரங்கம் போன்ற உலைக்குள் ஊர்ந்து மறுபக்கம் வருகின்றன. நிரப்பும் இடத்தில் ஒரு கனமீட்டர் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 3,520ஐத் தாண்டக் கூடாது. இவ்வளவு கட்டுக்காவலும் ஒருவருக்காகத்தான். அந்த அறையில் கிருமியைச் சுமந்து வருவது மனிதர். சும்மா நின்றாலே நம் தோலிலிருந்து லட்சக்கணக்கில் துகள் உதிர்கிறது.

அவள் உள்ளே போவதற்கே நெடுநேரம் ஆயிற்று. கம்மல், வளையல், பொட்டு, பூ எதுவும் கூடாது. முகத்தில் மஞ்சளோ பவுடரோ ஒட்டியிருக்கக் கூடாது. "மலைக்குப் போயிட்டு வந்த மக்காநாள் ஷிப்டுன்னா, திருநீறு, கைக்கயிறு எல்லாம் வீட்டோட போச்சுங்க மாமா. முருகனுக்கு என்ற வேலை தெரியுமுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் முதல் கதவைத் தாண்டினாள். ஒவ்வொரு அறையிலும் ஓர் உடை மாற்றம். கடைசியில் கண்ணும் தெரியாதபடி கண்ணாடி போட்டு, தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உருவமாக வெளிப்பட்டாள். தரையில் படாமல் அந்த உடையைப் போடுவதற்கே தேர்வு உண்டு. போட்டு முடித்ததும் கையுறை விரல்களைச் சத்துக்கூழ் தட்டில் ஒற்றி எடுப்பார்கள். தட்டில் ஏதும் முளைக்கக் கூடாது. மூன்று முறை அப்படித் தேறினால்தான் உள்ளே இடம்.

முதலில் புகைச் சோதனை. கூரையிலிருந்து நொடிக்கு ஏறக்குறைய 0.45 மீட்டர் வேகத்தில் காற்று இறங்குகிறது. அதில் வெண்புகையை விட்டுப் படம் பிடிக்கிறார்கள். பாவில் இழுத்துக் கட்டிய நூல்போல் புகை நேராக இறங்கியது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன் வேகமாகக் கையை நீட்டினான். பாவு அறுந்ததுபோல் அத்தனை புகையும் சுருண்டு கலைந்தது. அடுத்து அவள் கை நீட்டினாள். எடுக்கிறாளா நிற்கிறாளா என்று சந்தேகப்படும் அளவுக்கு மெதுவாக. புகை அவள் கையை விலக்கி வழிவிட்டு, கீழே மறுபடி நேராயிற்று. "பதறுன கையில நூலு நிக்காதும்பாரு எங்கப்பா. இங்கயும் அதே கணக்குதானுங்க" என்றாள் பிறகு.

அவள் கையிலிருந்த கருவி ஒரு இடுக்கி. ஃபோர்செப்ஸ் என்கிறார்கள். சாய்ந்த குப்பியையும் தவறி விழுந்த மூடியையும் கையுறைக் கையால் தொடக் கூடாது, இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அவள் அப்பாவிடம் அச்சுப் பல்லுக்குள் இழையை இழுக்கும் ஒரு சின்னக் கொக்கி உண்டு. அதைப் பிடித்து அவர் குனிந்திருப்பதை முப்பது வருடமாகப் பார்த்திருக்கிறேன். அந்த மணிக்கட்டுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அசைந்துகொண்டிருந்தது.

புது லைனுக்கு உண்மையான தேர்வு மீடியா ஃபில். மருந்துக்குப் பதிலாக, கிருமிக்கு மிகப் பிடித்த சோயாச் சத்துநீரை நிரப்புவார்கள். ஒரு ஓட்டத்துக்கு ஐயாயிரம் குப்பிக்குமேல், மொத்தம் மூன்று ஓட்டம். பிறகு 14 நாள் இளஞ்சூட்டில் வைத்திருந்து பார்ப்பார்கள். ஒரு குப்பி கலங்கினாலும் காரணம் தேடி எல்லாரும் உட்கார வேண்டும்.

இரண்டாம் ஓட்டத்தில் ஒரு குப்பி சாய்ந்தது. அவள் இடுக்கியால் எடுத்தாள். எடுத்த கை அப்படியே நின்றது. மற்றக் கையைத் தூக்கினாள். லைன் நின்றது. திரும்பும்போது தன் கைமுட்டி, திறந்திருந்த குப்பிகளுக்கு மேலாக ஒரு கணம் கடந்துவிட்டதாக ஒலிபெருக்கியில் சொன்னாள். என் பக்கத்தில் நின்றிருந்த யாரும் அதைக் கவனித்திருக்கவில்லை. தரப்பிரிவு அம்மா நேரத்தைக் குறித்து, எந்தெந்தக் குப்பி என்று எழுதி, கண்ணாடிக்கு அப்பாலிருந்தே அவளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆட்களை அனுப்பும் ஒப்பந்தக்காரரின் மேற்பார்வையாளர் மட்டும் முகம் சுளித்தார். "இவளுக்கு மட்டும்தான் எப்பப் பாத்தாலும் இது" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. எட்டு ஆண்டுகள் அந்த இடுக்கியைப் பிடித்தவள் ஆலையின் ஊழியர் அல்லள். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை முறித்துப் புதுப்பிக்கும் ஒப்பந்தத்தில் இருக்கிறாள். ஆலை கொடுக்கும் தொகை ஒன்று, அவள் கைக்கு வந்து சேருவது ஒன்று. நடுவில் ஒருவர் ஒரு குப்பியையும் தொடாமல் தன் பங்கை எடுத்துக்கொள்கிறார்.

இதை வெறும் கூலிப் பிரச்சினை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. கிருமியற்ற நிரப்புதலில் எந்தக் கருவியும் பிடிக்காத பிழை ஒன்று உண்டு. செய்தவர் வாய்திறந்து சொல்ல வேண்டிய பிழை. சொன்னால் அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று அஞ்சுகிறவர் எப்படிக் கையைத் தூக்குவார்? தொடர்ந்து நடக்கும் வேலையில் ஒப்பந்த முறையைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்த சட்டம் 1970லேயே வந்துவிட்டது. 2023 டிசம்பரில் அட்டவணை எம் விதிகளைத் திருத்தி, மருந்து ஆலைகள் தரத்தை உயர்த்த வேண்டும் என்று மத்திய அரசு கெடு வைத்தது. நல்லதுதான். தரம் தவறினால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். 2008 ஜனவரியில் கசௌலி, கிண்டி, 1907 முதல் இயங்கிவந்த குன்னூர் பாஸ்டர் நிலையம் ஆகிய மூன்று அரசுத் தடுப்பூசிக் கூடங்களின் உரிமம் நிறுத்தப்பட்டு, 2010இல்தான் திரும்பக் கிடைத்தது. ஆனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் எஃகுக்கும் கோடிகளைக் கொட்டுகிறவர்கள், இடுக்கி பிடிக்கும் கையை மட்டும் தரகரிடம் வாடகைக்கு எடுத்தால், அந்தத் தரம் எதன்மேல் நிற்கும்?

சென்னிமலை இந்தக் கணக்கை முன்பே போட்டுப் பார்த்த ஊர். அன்று நூலைக் கொடுத்துத் துணியை வாங்கும் முதலாளிதான் எல்லாம். "இழை விட்டுப்போச்சுன்னு சொன்னாக் கூலியில பிடித்தம். அதனால கஞ்சியத் தேச்சு மறைச்சிருவாங்க. போர்வை வாங்குனவன் வீட்டுலதான் அது கிழியும்" என்று நண்பர் தன் அப்பாரு சொன்னதைச் சொல்வார். எம்.பி. நாச்சிமுத்து போன்றவர்கள் இங்கே கைத்தறிக் கூட்டுறவை வளர்த்தபோது, நெசவாளிக்குச் சங்கத்தில் பேரும் பங்கும் கிடைத்தன. பிழையை ஒளிக்க வேண்டிய பயம் குறைந்தது. சென்னிமலைப் போர்வைக்கு ஊர்ஊராகப் பெயர் வந்ததில் அதற்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.

பதினான்கு நாள் கழித்து அவள் கூப்பிட்டாள். "எல்லாக் குப்பியும் தெளிஞ்சு இருக்குதுங்க மாமா. அன்னைக்குக் குறிச்சு வெச்ச குப்பியும்தான்." பின்னால் தறிச் சத்தம் கேட்டது. ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது என்றாள். மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

புது லைன் தகுதி பெற்றதற்கான கோப்பில் அவள் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. ஆலையின் சம்பளப் பட்டியலில் இல்லை. இரண்டு ஏட்டிலும் அந்தப் பெயர் ஏறும் வரை, அந்தச் சோதனை இன்னும் முடியவில்லை என்றே நான் சொல்வேன்.