பயணத்திலும் பேணுதல்



சொந்த வீட்டில் ஹலால், ஹராம் பேணுவது பெரிய காரியமல்ல. இறைச்சியை யாரிடம் வாங்கினோம் என்பது நமக்குத் தெரியும். அடுப்பும் நம்முடையது, அகப்பையும் நம்முடையது. பேணுதல் சோதிக்கப்படுவது பயணத்தில்தான். பஸ் பத்து நிமிடம் நிற்கிறது. பிள்ளை பசியில் அழுகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் றோல்ஸ் அடுக்கியிருக்கிறது. அந்த நேரத்தில், "உள்ளே என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்க வாய் வரவேண்டும். நம்மில் பலருக்கு வருவதில்லை. வெட்கம் ஒருபுறம், "பயணத்தில் இதையெல்லாம் பார்க்க முடியுமா?" என்ற அலட்சியம் மறுபுறம்.

பயணிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, உண்மைதான். நான்கு ரக்அத் தொழுகை இரண்டாகச் சுருங்கும். நோன்பைப் பிற்போடலாம். ஆனால் பயணம் என்ற ஒரே காரணத்துக்காக ஹராமான உணவு ஹலாலாகிவிடாது. உயிர் போகும் நிர்ப்பந்தம் வேறு, பஸ் நிற்கும் பத்து நிமிடம் வேறு.

இதை எனக்கு மீண்டும் நினைவூட்டியவர்கள் நம்மவர்கள் அல்லர். மார்க்கம் பேணும் ஒரு யூதத் தம்பதியர்.

"யூதர்களா?" என்று சில சகோதரிகளின் புருவம் உயரும். காஸாவில் கொல்லப்பட்ட குழந்தைகளின் படங்களைப் பார்த்துக் கண்ணீர் விடாத வீடு நம்மில் இல்லை. அந்த அநியாயத்தை அநியாயம் என்றே சொல்வோம். ஆனால் சூரா மாயிதாவைத் திறந்து பாருங்கள். வேதம் கொடுக்கப்பட்டோரின் உணவைப் பற்றிப் பேசுவது அதன் 5ஆவது வசனம். ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு உங்களை நீதி தவறச் செய்துவிட வேண்டாம் என்று எச்சரிப்பது 8ஆவது வசனம். இரண்டுக்கும் இடையே இரண்டு வசனங்கள்தான். பசியோடு வரும் வழிப்போக்கனை அந்த இரண்டு வசனங்களையும் சேர்த்து ஓதிவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

மருதனார்மடத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து காங்கேசன்துறை வீதியில் போனால், இணுவிலுக்கும் சுன்னாகத்துக்கும் நடுவே வரும் சந்தி அது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1913இல் நிறுவிய மகளிர் கல்லூரி அங்கேதான் இருக்கிறது. ஆஞ்சநேயர் கோவிலும், பெரிய மரக்கறிச் சந்தையும் உண்டு. சுற்றிலும் செம்மண் தோட்டங்கள். சைவ உணவுக்குப் பஞ்சமில்லாத ஊர். ஒரு வியாழக்கிழமை காலை மரக்கறி வாங்க அங்கே போயிருந்தேன்.

என் தொப்பியையும் தாடியையும் கண்ட ஓட்டோக்காரத் தம்பி ஒருவர் ஓடி வந்தார். "மௌலவி ஐயா, ரெண்டு நாளா இவையளுக்குச் சாப்பாடு தேடித் திரியிறன். கோழியும் வேண்டாமாம், றாலும் வேண்டாமாம். சைவக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாலும் தேத்தண்ணியோட எழும்பீனம். உங்கட ஆக்களைப் போல இவையளுக்கும் ஏதோ சட்டம் இருக்காம். நீங்கள் ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ" என்றார்.

வயதான கணவனும் மனைவியும் நின்றார்கள். லண்டனிலிருந்து வந்தவர்கள். கையில் ஒரு சிறிய பை. அதற்குள் கத்தி, இரண்டு கரண்டி, மூடி போட்ட டப்பா. அவர்கள் தேடியது சாப்பாட்டுக் கடையை அல்ல, புதிய மண்சட்டியை!

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. விளக்கம் கேட்டேன். அவர்கள் சொன்னதும், நான் கிதாபுகளில் படித்திருந்ததும் ஒன்றோடொன்று சேர்ந்து வந்தன.

அவர்கள் சட்டத்துக்குப் பொருந்திய உணவைக் 'கோஷர்' என்பார்கள். குளம்பு பிளந்து, அசைபோடும் பிராணியாக இருக்க வேண்டும். எனவே மாடு, ஆடு ஆகும்; பன்றி ஆகாது. நமக்கு ஆகுமான ஒட்டகமும் முயலும்கூட அவர்களுக்கு ஆகாது. ஆகுமான பிராணியையும் பயிற்சி பெற்ற யூதர் ஒருவர் அறுக்க வேண்டும். நாம் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்ததையும் அவர்கள் உண்பதில்லை. மீனென்றால் செட்டையும் செதிலும் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தின் பெருமையான நண்டு, இறால், கணவாய், சுறா எல்லாம் விலக்கு. இவற்றைப் போட்டுக் காய்ச்சும் ஒடியற்கூழ் பக்கமே அவர்கள் போக முடியாது. இறைச்சியையும் பாலையும் ஒரே வேளையில் சேர்ப்பதில்லை. இரண்டுக்கும் பாத்திரம்கூட வேறு வேறு.

"சரி, சைவக்கடையில் இவை ஒன்றும் இல்லையே?" என்று கேட்டேன். அங்கேயும் மூன்று காரியம் இருக்கிறதாம். சமைத்த உணவில் பலவற்றுக்கு அடுப்பு மூட்டுவதிலாவது ஒரு யூதரின் கை பட்டிருக்க வேண்டும். கீரையில் சிறு பூச்சி இருந்தால் அது பெரும் விலக்கு; ஒவ்வோர் இலையாகப் பார்க்க வேண்டும். பாத்திரத்தில் முன்பு என்ன சமைத்தார்கள் என்பதும் தெரிய வேண்டும். மண்சட்டியில் ஒருமுறை விலக்கானது வெந்துவிட்டால், எத்தனை முறை கழுவினாலும் அவர்கள் சட்டத்தில் அது சுத்தமாகாது. ஆகவேதான் புதுச்சட்டி.

அபூ ஸஃலபா (ரலி) அவர்களின் ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. வேதக்காரர்களின் பாத்திரங்களைப் பற்றி அவர் கேட்டபோது, வேறு பாத்திரம் கிடைத்தால் அதில் உண்ணுங்கள், கிடைக்காவிட்டால் கழுவிவிட்டு உண்ணுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் வழி சொன்னார்கள். நமக்கு எவ்வளவு இலகுவாக்கப்பட்டிருக்கிறது! அந்த இலகுவைக்கூட நாம் பேணுகிறோமா?

இவ்வளவு இறுக்கத்துக்குக் காரணம் உண்டா என்று கேட்டேன். அந்தப் பெரியவர் ஒரு சம்பவம் சொன்னார். யாழ்ப்பாணம் வரும் வழியில் ஒரு கடையில், "எல்லாம் மரக்கறிதான்" என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னார்களாம். அன்று களைப்பில், வழமையை மீறி இவர்கள் நம்பிவிட்டார்கள். பாதி உண்ட பிறகுதான் சம்பலில் கூனி இறால் இடித்துப் போட்டிருப்பது தெரிந்தது. "பசியாக இருந்திருந்தால் அன்று இரவோடு மறந்திருப்பேன். என்னிடம் இல்லை என்று சொன்னார்களே, அதைத்தான் மறக்க முடியவில்லை" என்றார்.

இந்த வார்த்தை என்னைத் தைத்தது. அந்தக் கடைக்காரருக்கு அது ஒரு பிடி கூனி. இவருக்கோ அது மார்க்கம். முன்பின் தெரியாத ஒருவன் நம் வாய்ச்சொல்லை நம்பித் தன் மார்க்கத்தை நம் கையில் தருகிறான். அது அமானிதம் அல்லவா? அமானிதத்துக்கு மோசடி செய்வது முனாஃபிக்கின் அடையாளம் என்று மேடையில் சொல்கிறோம். கல்லாப் பெட்டியிலும் சமையலறையிலும் அது அப்படியே பொருந்தும்.

அவர்களை வீட்டுக்கு அழைத்தேன். "உங்கள் பாத்திரத்தில் உண்ண மாட்டோம், மனம் நோகாதா?" என்று தயங்கினார்கள். என் வீட்டுக்காரிதான் அதற்கு வழி கண்டார். மாம்பழக் காலம். கழுவிய கறுத்தக்கொழும்பானை முழுதாக வைத்தார். இளநீரை அவர்கள் கண்முன்னே சீவச் செய்தார். வெட்டுவதற்கு அவர்களுடைய கத்தி. பிறகு என்னிடம், "தட்டு வேண்டாமென்றால் நம்மைக் குறை சொல்றாங்க என்று அர்த்தமா? நாங்களும் எத்தனை வீட்டில வெறுந்தேத்தண்ணி மட்டும் குடிச்சிட்டு எழும்பியிருக்கம்?" என்றார். புதுச்சட்டியை எங்கள் முற்றத்தில் மூன்று கல் வைத்து ஏற்றினார்கள். நெருப்பை அந்த அம்மா மூட்டினார். மறுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறைந்தால் அவர்களுக்கு சனி நாளின் ஓய்வு தொடங்கிவிடும். சனி இரவு வரை நெருப்பு மூட்ட முடியாது, பயணம் போக முடியாது, காசைத் தொட முடியாது. அந்த நாளுக்கு வேண்டிய பாண், பழம், கச்சான் எல்லாவற்றையும் முதல் நாளே கணக்குப் பார்த்து வைத்திருந்தார்கள்.

இது நேற்று வந்த பழக்கமுமல்ல. 12ஆம் நூற்றாண்டு அரபுப் புவியியலாளர் அல்இத்ரீஸி, இலங்கை அரசனின் ஆலோசனைச் சபையில் பதினாறு பேர் இருந்ததாகவும், அவர்களில் நால்வர் முஸ்லிம்கள், நால்வர் யூதர்கள் என்றும் எழுதியிருக்கிறார். அதே நூற்றாண்டில் துனீசியாவின் மஹ்தியாவைச் சேர்ந்த ஆபிரகாம் பென் யிஜூ என்ற யூத வணிகர், 1132 அளவிலிருந்து 1149 வரை மங்களூரில் வாழ்ந்தார். அவருக்கு ஏடனிலிருந்து நண்பர்கள் எழுதிய கடிதங்கள் கெய்ரோவின் பழைய யூத ஆலயமொன்றில் கிடைத்தன. அரபு மொழியை ஹிப்ரூ எழுத்தில் எழுதிய கடிதங்கள் அவை. ஏடனிலிருந்து இந்தியாவிலுள்ள இத்தகைய வணிகர்களுக்குக் கப்பலில் வந்த பொருட்களில் சீனி, உலர் திராட்சை, ஒலிவ் எண்ணெயோடு சீஸும் உண்டு. சீஸ் ஏன் கடல் கடந்து வரவேண்டும்? பாலை உறைய வைக்கும் பொருள் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கப்படுவது. யார் செய்தது என்று தெரியாத சீஸை அவர்கள் தொடுவதில்லை. மிளகு வாங்க வந்தவனும் தன் சட்டத்தைக் கரையில் இறக்கி வைத்துவிட்டு வரவில்லை.

சகோதரிகளே, இவற்றிலிருந்து நம் குடும்பப் பயணங்களுக்கு எடுத்துக்கொள்ள வேண்டியவை சில:

1. முதல் வேளை உணவை வீட்டிலிருந்தே கொண்டு போங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அவித்த முட்டை, ரொட்டி, கட்டிச் சம்பல், பேரீச்சம்பழம் இருந்தால் பாதி வழி கவலையில்லை.

2. "ஹலாலா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எல்லோரும் ஆம் என்பார்கள். "இறைச்சி எங்கே வாங்கினீர்கள்? எந்த எண்ணெயில் பொரித்தீர்கள்? கொத்து ரொட்டித் தட்டில் வேறென்ன கொத்துகிறீர்கள்?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் பழம் வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுங்கள்.

3. சைவக்கடை நமக்கு நல்ல புகலிடம். ஆனால் கோவிலில் படைத்ததைத் தந்தால், அன்போடு நன்றி சொல்லித் தவிர்த்துக்கொள்ளுங்கள். தந்தவரின் மனம் நோக ஒரு வார்த்தையும் வேண்டாம்.

4. விமானப் பயணமென்றால், டிக்கெட் எடுக்கும்போதே முஸ்லிம் உணவு கேட்டுப் பதியுங்கள். அதன் குறியீடு எம்.ஓ.எம்.எல். யூதர்களுடையது கே.எஸ்.எம்.எல். பறப்பதற்கு ஓரிரு நாட்களுக்கு முன்னரே சொல்லாவிட்டால் கிடைக்காது. கோஷர் உணவை இரட்டை உறையிட்டு ஒட்டியே பயணியிடம் தருவார்கள்.

5. பக்கட்டுகளில் ஹலால் இலச்சினையைப் பாருங்கள். இலங்கையில் முன்பு அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா அதை வழங்கியது. 2013இல் எழுந்த எதிர்ப்புக்குப் பின் அந்தப் பணி ஹலால் அக்கிரடிட்டேஷன் கவுன்சிலிடம் போனது.

6. லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் உங்கள் பிள்ளைகள், வட்டத்துக்குள் 'யூ' எழுத்துப் போட்ட கோஷர் முத்திரையைக் கடைகளில் காண்பார்கள். பன்றிக் கொழுப்பு இல்லை என்பதற்கு அது நல்ல அடையாளம். ஆனால் கோஷர் எல்லாம் ஹலால் அல்ல. அவர்களுக்குத் திராட்சை மது ஆகும். எனவே மதுச்சாரம் சேர்ந்திருக்கிறதா என்று பொருட்பட்டியலை வாசிக்கச் சொல்லுங்கள்.

7. உங்கள் வீட்டுக்கு வேறு சட்டம் பேணும் விருந்தாளி வந்தால், வற்புறுத்தாதீர்கள். முழுப் பழம், இளநீர், மூடி திறக்காத தண்ணீர்ப் போத்தல் போதும். கறியில் என்ன இருக்கிறது என்று கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வடக்கு முஸ்லிம்களுக்கு இதைப் பிறர் சொல்லித் தரத் தேவையில்லை. 1990 ஒக்டோபரில் வீட்டுச் சாவியோடு வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைகளில் நானும் ஒருவன். வழியெல்லாம் பிறர் தந்த சோற்றில்தான் எங்கள் தாய்மார் எங்களைக் காத்தார்கள். அந்த நிலையிலும், "மகன், இது என்ன இறைச்சி என்று கேட்டுட்டு வா" என்றுதான் உம்மா பார்சலைப் பிரிக்கவிடுவார். கேட்டதற்காக யாரும் கோபித்ததில்லை. உண்மையைச் சொன்னார்கள், சில வேளை இறைச்சியை எடுத்துவிட்டுப் பருப்பும் தந்தார்கள். அவர்கள் யாரென்று இன்று எனக்குத் தெரியாது. அவர்களுடைய உண்மையைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தேன்.

நாம் கேட்கத் தயங்காதவர்களாகவும், நம்மிடம் கேட்பவருக்கு உண்மையே சொல்பவர்களாகவும் வாழ வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக. ஆமீன்.